சுழியரும் இரண்டு சாய்கோடுகளும்

வெறும் திரையைப் பார்த்துக் கொட்டாவி விடாமல், தலையைச் சொறியாமல், தேநீர் குடிக்க இறங்கிப் போகாமல் வேலையைத் தொடங்கிய ஒரே கணினிக்காரர் இந்தப் பூமியில் சுழியர்தான். இது என் கருத்து என்று நினைத்துவிடாதீர்கள். நானாக இருந்தால் வாயைத் திறந்து சொல்லியிருக்கவே மாட்டேன். பாரிஸில் லா சப்பல் மெத்ரோ நிலையத்துப் படியிறங்கி எந்தத் தமிழ்க் கடையில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். கேட்டுக் கேட்டு என் வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

லா சப்பலில் ஒரு சேலைக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், எங்கள் அலுவலகம். கடைகளின் கல்லாவுக்கு ப்ரோகிராம் எழுதுவது தொழில். முதலாளியைப் பத்ரோன் என்போம். இந்த ஊரில் முதலாளிக்கு அதுதான் பெயர். அவருக்குக் கீழே நிரோஜா, சுழியர், நான். நிரோஜா பாரிஸிலேயே பிறந்த யாழ்ப்பாணத்துப் பெண். அவள் பேச்சு தமிழில் தொடங்கினால் பிரெஞ்சில் முடியும். நான் திருச்சிக்காரன், இங்கே வந்து மேற்படிப்பும் முடித்த எஞ்சினியர். பட்டத்தைச் சட்டம் போட்டு மேசைக்குப் பின்னால் மாட்டியிருந்தேன், வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்றுதான். சுழியர் மன்னார்க்காரர். இருபது வருடம் ஒரு பிரெஞ்சு ரெஸ்டாரண்டின் குசினியில் வெங்காயம் வெட்டியவர். கம்ப்யூட்டரை ரயிலில் படித்தார். வில்லியே லே பெல் புறநகரிலிருந்து வேலைக்கு வந்து போகும் வழியில், மடியில் ஒரு பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு. சட்டம் போட்டு மாட்ட அவரிடம் இருந்தது ரயில் பாஸ் ஒன்றுதான்.

ப்ரோகிராம் எழுதுகிறவர்களுக்கு ஒரு தீராத அலுப்பு உண்டு. ஒவ்வொரு புதுக் கோப்பிலும் முதல் முப்பது நாற்பது வரிகள் ஒரே மாதிரி இருக்கும். எழுதியவர் யார், எப்போது, எந்தக் கடைக்கு, எதையெல்லாம் கூடச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிற சம்பிரதாயங்கள். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. நாங்கள் எல்லோரும் பழைய கோப்பு ஒன்றை நகலெடுத்து, மேலே திருத்திக்கொள்வோம். திருத்த மறந்தும் விடுவோம். அதனால் மீன் கடைக்காரர் கொடுத்த ரசீதில் 'எங்களிடம் தாலி வாங்கியதற்கு நன்றி' என்று வந்தது. அது என் கைவேலை.

சுழியர் இதற்கு ஒரு சின்னக் கருவி செய்தார். கறுப்புத் திரையில் 'சுழி ரசீது' என்று தட்டினால் போதும். கண் இமைக்கும் முன் ஒரு புதுக் கோப்பு பிறந்து, தலையும் காலும் சரியாக, நடுவில் நமக்கு மட்டும் இடம் விட்டு நிற்கும். படம் கிடையாது, பொத்தான் கிடையாது, ஒன்றும் கிடையாது. நாலு எழுத்தைத் தட்டு, வேலையைத் தொடங்கு.

"எப்படி அண்ணே இந்த யோசனை வந்துச்சு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"குசினியிலதான். பன்னெண்டு மணிக்குச் சனம் வந்து குந்தும். அதுக்குப் பிறகு வெங்காயம் உரிச்சுக்கொண்டு நிக்கேலுமோ? எல்லாத்தையும் காலமையே வெட்டி, பெட்டி பெட்டியா அடுக்கிப்போட்டுத்தான் அடுப்பைப் பத்த வைக்கிறது. நீங்கள் படிச்ச ஆக்கள் சனம் வந்தாப் பிறகு வெங்காயம் தேடுறியள்."

நான் பட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். அது அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

கருவியை முதல் தடவை தட்டும்போது அது ஒரே ஒரு கேள்வி கேட்கும். முதல் வரியில் என்ன குறி போட? 'உ' போடவா, சிலுவை போடவா, 786 போடவா, ஒன்றும் வேண்டாமா? பரீட்சைத் தாளிலும் மளிகைச் சீட்டிலும் நாம் போடுகிற அதே சுழி. நான் 'உ' கேட்டேன். நிரோஜா ஒன்றும் வேண்டாம் என்றாள். சுழியர் தேவாலயத்துக்குத் தவறாமல் போகும் வேதக்காரர், ஆகவே அவருக்குச் சிலுவை. ஆனால் கருவிக்கு வைத்த பெயர் சுழி. அந்தப் பெயரே அவருக்கும் ஒட்டிக்கொண்டது.

"பள்ளிக்கூடத்தில ஒரே வாங்கில ரெண்டு பேர். பக்கத்தில இருந்தவன் சுழி போடுவான், நான் சிலுவை போடுவன். ரெண்டு பேருக்கும் கணக்குப் பிழைக்கும்" என்பார்.

இந்தக் குறியைக் கணினி படித்தால் குழம்பிப்போகும். அதனால் அதற்கு முன்னால் இரண்டு சாய்கோடுகளைக் கருவி தானாகவே போட்டுவிடும். சாய்கோடு இரண்டு போட்டால், 'இந்த வரி மனிதருக்கு, நீ படிக்காதே' என்று கணினிக்குச் சொல்வதாக அர்த்தம். இந்தச் சாய்கோடுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் மானம் பிற்பாடு அவற்றில்தான் தொங்கியது.

எதையும் வெறுமையிலிருந்து தொடங்குவது சுழியருக்குப் பாவம். அவருடைய மேசை இழுப்பறையில் முத்திரை ஒட்டிய உறைகள் முகவரி இல்லாமல் காத்திருக்கும். பிறந்தநாள் வாழ்த்து அட்டைகளில் எல்லாம் எழுதி, பெயருக்கு மட்டும் இடம் விட்டிருப்பார். அனுதாப அட்டைகளும் அப்படியே. காலையில் வந்ததும் நாலு கோப்பைகளில் சீனி போட்டு வரிசையாக வைப்பார். தேநீர் வருவது மாலையில்தான். தொலைபேசியை எடுத்தால் முதல் மூன்று வாக்கியம் எவருக்கும் ஒன்றுதான்: "வணக்கம். சுகமா இருக்கிறியளோ? வீட்டிலையும் எல்லாரும் சுகமோ?" கல்லா எரிந்து புகை வருகிறது என்று கத்துகிறவரும் இந்த மூன்றையும் கடந்துதான் ஆக வேண்டும்.

பிறகு 'சுழி கடிதம்' வந்தது. வீட்டுச் சொந்தக்காரருக்கு, பள்ளிக்கூடத்துக்கு, விசா கொடுக்கும் பிரிபெக்சருக்கு என்று பிரெஞ்சில் கடிதத்தின் தலையையும் காலையும் கருவி கொடுக்கும். நடுவில் நம் குறையை எழுதிக்கொள்ளலாம். நகைக்கடைக்காரர் வந்தார், மீன் கடை அக்கா வந்தார், கீழே சேலைக் கடையில் சேலை பார்க்க வந்தவர்கள் சேலையை மறந்துவிட்டு மேலே வந்தார்கள். சுழியரின் கணினியில் தட்டியதால் கடிதங்களிலும் அந்த இரண்டு சாய்கோடும் சிலுவையும் தவறாமல் ஏறிவிட்டன. ஒரு பிரெஞ்சு வீட்டுக்காரர் அதை ஏதோ சட்டபூர்வமான அடையாளம் என்று எண்ணி, பதில் கடிதத்தில் தானும் இரண்டு சாய்கோடும் சிலுவையும் போட்டு, குழாயையும் சரிசெய்து கொடுத்தார்.

என் மனைவியும் வேலைக்கு விண்ணப்பம் எழுத அவரிடம் போனாள். வீட்டில் ஒரு எஞ்சினியர் இருக்கும்போது!

"உங்ககிட்ட கேட்டா முதல்ல என் பிரெஞ்சைத் திருத்துவீங்க. அவர் எழுத ஆரம்பிக்க வச்சுடறார்" என்றாள்.

எனக்குப் பொறாமை. இதை நாசூக்காகச் சொல்ல வழியில்லை. அந்த மனிதருக்கு என்னைவிட வயது அதிகம், படிப்பு குறைவு, கோட்டு ஒன்றே ஒன்று. இருந்தும் அவர் செய்ததை ஊரே தட்டியது. அதிலும் கொடுமை, கருவி தன் பெயரை எங்கும் போடாது. யார் தட்டுகிறார்களோ அவர்கள் பெயரைத்தான் 'எழுதியவர்' என்று போடும். அடக்கமாம். அதிலும் என்னைத் தோற்கடித்தார்.

சும்மா இருப்பேனா? நானும் ஒன்று செய்தேன். பெயர் 'அஸ்திவாரம்'. ஒரு கோப்பைப் பெற்றுத் தருவதற்கு முன் அது நாற்பத்தொரு கேள்வி கேட்கும். எல்லாம் அவசியமான கேள்விகள். நிரோஜாவை உட்கார வைத்துச் சோதித்தேன். பதினேழாவது கேள்வியில் எழுந்தாள்.

"அண்ணா, ஸே துரோ லோன், நீளம் கூடிப்போச்சு! இவ்வளவு கேட்டா நான் பிரிபெக்சரிலை போய் விசா கார்த்தே எடுத்திருப்பன்."

"கடைசிக் கேள்வி வரைக்கும் போய்ப் பாரும்மா, அதுல ஒரு விசேஷம் இருக்கு."

"என்ன விசேஷம்?"

"எல்லாத்தையும் மறுபடி உறுதி செய்யச் சொல்லும்."

அவள் 'சுழி ரசீது' என்று தட்டிவிட்டு வேலையைத் தொடங்கினாள். அஸ்திவாரத்தை இன்றுவரை முழுதாகப் பயன்படுத்திய ஒரே ஆள் நான்தான். நானும் இரண்டு முறைதான்.

இந்த நிலையில்தான் பத்ரோன் ஒரு செய்தி கொண்டு வந்தார். பல ஊர்களில் கிளைகள் உள்ள பெரிய பிரெஞ்சுக் கடை ஒன்று எங்களுக்கு வேலை கொடுக்க யோசிக்கிறதாம். திங்கட்கிழமை அங்கிருந்து ஒரு மதாம் வந்து, நாங்கள் எப்படி வேலை செய்கிறோம் என்று பார்ப்பார். வேலை கிடைத்தால் தொழில்நுட்பத்துக்கு ஒரு ஷெஃப், அதாவது தலைவர், வேண்டும்.

"உங்கள் ரெண்டு பேரில மதாம் ஆரைப் பார்த்துத் தலையாட்டுறாவோ, அவர்தான் ஷெஃப்" என்றார் பத்ரோன், சுழியரையும் என்னையும் பார்த்து.

அன்று மாலையே திருச்சிக்கு வீடியோவில் பேசி, எனக்குப் பதவி கிடைத்துவிட்டதாக மாமனாரிடம் சொல்லிவிட்டேன். அவர் மறுநாளே தன் நடைப்பயிற்சி நண்பர்கள் பதினோரு பேருக்கும் அதைச் சொல்லிவிட்டார். இனி நான் ஷெஃப் ஆகாவிட்டால் திருச்சிக்கு விடுமுறையில் போகவே முடியாது.

வெள்ளிக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிட இறங்கிப் போனார்கள். நான் வயிறு சரியில்லை என்று உட்கார்ந்துவிட்டேன். எதில் கை வைக்கலாம் என்று சுழியின் உட்பக்கத்தைத் திறந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தேன். படித்திருக்கக் கூடாது. அவ்வளவு சுத்தமாக இருந்தது. கடையின் பெயரைச் சொல்ல நாம் மறந்துவிட்டால், நாம் நிற்கும் இடத்தைப் பார்த்து அதுவே கண்டுபிடிக்கும். முடியாவிட்டால் பிழை என்று கத்தாது, 'எந்தக் கடைக்கு?' என்று மெல்லக் கேட்கும். இதை அவர் மூன்று வரியில் செய்திருந்தார். என் அஸ்திவாரத்தில் இதற்கே எண்பது வரி, கடைசியில் அது கத்தவும் செய்யும். அந்த மூன்று வரியைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு கெடுதலைத் தொடங்கினேன்.

திட்டம் எளிமையானது. சுழி ஒவ்வொரு ரசீதுக்கும் நகலெடுக்கும் அச்சுக் கோப்பில் முதல் வரியின் இரண்டு சாய்கோடுகளையும் எடுத்துவிட வேண்டும். திங்கட்கிழமை சுழியர் மதாம் முன்னால் தட்டுவார். குறியைக் கணினி படித்துத் தொலைக்கும். திரை முழுக்கச் சிவப்பில் பிழை வரும். பழைய கோப்பைத் திருத்தினால் தடயம் இருக்கும் என்பதால், புதிதாக ஒரு கோப்பு செய்து, சாய்கோடுகளை அழித்து, கீழே பழைய வரிகளை ஒட்டி, பழையதன் இடத்தில் வைத்தேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து பட்டத்துக்குக் கீழே உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை மதாம் வந்தார். நரைத்த முடி, சின்னக் கண்ணாடி, கையில் குறிப்பேடு. பத்ரோன் சுவரில் திரையை விரித்திருந்தார். சுழியர் தன் ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு, 'சுழி ரசீது' என்று தட்டி, ஓட விட்டார்.

சிவப்பு. சுவர் முழுக்கச் சிவப்பு.

எனக்குள்ளே ஒரு குளிர்ச்சி பரவியது. அது கோப்பின் தலைப்பு திரையில் தெரியும் வரைதான். சுழியரின் கோப்பில் சிலுவை வர வேண்டிய இடத்தில் கொழுகொழுவென்று ஒரு 'உ' உட்கார்ந்திருந்தது. அதற்குக் கீழே, சுவரில் ஒரு சாண் உயரத்தில், 'எழுதியவர்' என்று என் முழுப்பெயர், தகப்பனார் பெயரோடு. அதற்கும் கீழே வெள்ளிக்கிழமை மதியம், மணி, நிமிடம்.

என்ன நடந்தது என்று அப்போதுதான் உறைத்தது. சதி செய்வதற்கான அந்தப் புதுக் கோப்பையும் நான் சுழி தட்டித்தான் தொடங்கியிருக்கிறேன்! கை பழகிவிட்டது. அது கடமை தவறாமல் என் குறியையும் என் பெயரையும் போட்டுக் கொடுத்திருக்கிறது. நானோ முதல் வரியின் சாய்கோட்டை மட்டும் அழித்துவிட்டு, தினமும் பார்த்துப் பார்த்துக் கண்ணுக்கே தெரியாமல் போய்விட்ட மற்ற வரிகளை விட்டுவிட்டேன்.

நிரோஜா என்னைப் பார்த்தாள். பத்ரோன் என்னைப் பார்த்தார். திருச்சியில் பதினோரு பேரும் என்னைப் பார்ப்பது போலிருந்தது. சுழியர் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு ஒரு கணம் மூக்கைத் தேய்த்தார். பிறகு பிரெஞ்சில் பேசினார். குசினியில் கற்ற பிரெஞ்சு. வேகமாக, கொஞ்சம் சத்தமாக இருக்கும்.

"பாருங்கள் மதாம், இந்தப் பிழை வேண்டுமென்றே வைத்தது. எஞ்சினியரிடம் நான்தான் வைக்கச் சொன்னேன். பிழை வராத ப்ரோகிராம் கிடையாது. பிழை வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதுதான் கேள்வி. இதோ, பெயர், நாள், நேரம். பத்து விநாடியில் ஆளைப் பிடித்துவிட்டோம்."

பிறகு தமிழில், "எஞ்சினியர், இஞ்சை வாரும். வந்து திருத்தும்" என்றார்.

போனேன். அவசரத்தில் முதலில் மூன்று சாய்கோடு விழுந்தது. ஒன்றை அழித்தேன். சிவப்பு போய், ரசீது அழகாக வந்தது. மதாம் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். பிறகு பேனாவால் 'உ'வைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். பத்ரோனுக்கு வியர்த்தது. மதச் சின்னம் என்றால் இந்த நாட்டில் அலுவலகங்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும்.

"எங்கள் ஆட்கள் எதையும் எழுதும் முன் ஒரு குறி போடுவார்கள், மதாம். இவர் இதைப் போடுவார், நான் சிலுவை போடுவேன், இந்தப் பெண் ஒன்றும் போடமாட்டாள்" என்றார் சுழியர். "அந்த இரண்டு சாய்கோடும் இருந்தால் கணினி எதையும் படிக்காது. அது லாயிக்."

அரசும் மதமும் தனித்தனி என்று சொல்லப் பிரெஞ்சுக்காரர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பயன்படுத்தும் சொல் அது. மதாம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்தக் கருவி எனக்கும் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார்.

வேலை கிடைத்தது. மதாம் படியிறங்கியதும் நானும் நழுவப் பார்த்தேன். சேலைக் கடை வாசலில் சுழியர் பிடித்துவிட்டார். இனி வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன். காலில் விழுவதா, பழியை வைரஸ் மேல் போடுவதா என்று முடிவு செய்யவில்லை.

"இந்த வேலையைச் செய்யுறதெண்டால் சுழியின்ரை உள்பக்கத்தைத் திறந்திருப்பீர், என்ன?"

"ஆமாண்ணே."

"முழுக்க வாசிச்சனீரோ?"

"முழுக்க."

அவர் கிட்டே வந்தார். குரல் தணிந்துவிட்டது. "கடைப் பேர் தேடுற இடம் கண்டனீரோ? மூண்டு வரி?"

"கண்டேண்ணே."

"எப்பிடி இருந்தது?"

அவர் முகத்தைப் பார்த்தேன். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற முகம். திட்டுவதற்காகப் பிடித்த ஆள் இல்லை இவர். லா சப்பல் முழுக்க அந்தக் கருவியைத் தட்டியது. ஒருவரும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. படித்தது நான் ஒருவன்தான், அதுவும் திருட வந்தவன் மாதிரி.

"அழுதுட்டேண்ணே" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

"ஓமோ?" என்றார். கோட்டின் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். "அந்த மூண்டு வரிக்கு எனக்கு ஒரு மாரிகாலம் முழுக்கப் போச்சுது."

பத்ரோன் மறுநாள் பதவியைச் சுழியருக்குத்தான் கொடுத்தார். சுழியர் வாங்கவில்லை.

"ஷெஃப் எண்டால் நெடுக ரெயுனியோன், மீட்டிங் எண்டு குந்த வேணும். என்னாலை ஏலாது. எஞ்சினியருக்குக் குடுங்கோ. பிழை எங்கை வரும் எண்டு அவருக்குத்தான் முன்கூட்டியே தெரியும்."

நிரோஜா மேசைக்குக் கீழே குனிந்துகொண்டாள், சிரிப்பை அடக்க. நான் ஷெஃப் ஆனேன். திருச்சியில் தலை தப்பியது. ஆனால் நான் ஆசைப்பட்ட பதவி அவர் வேண்டாம் என்று வைத்த மிச்சம் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரியும்.

இப்போது சுழியர் ஓல்னே-சூ-புவா என்ற புறநகரில் மகள் வீட்டோடு இருக்கிறார். சௌக்கியம்தான். பேரப்பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கும் தலையும் காலும் செய்து கொடுக்கிறாராம். இந்தக் காலத்தில் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் தலை, கால், நடு எல்லாவற்றையும் எழுதித் தந்துவிடுகிறது. கூடவே கேட்காத புத்திமதியும் தருகிறது. எங்கள் அலுவலகத்தில் இன்னும் சுழிதான்.

சென்ற வாரம் புதிதாகச் சேர்ந்த ஒருவர், சுழி என்று மட்டும் தட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார். அப்படித் தட்டினால் உதவிக் குறிப்பு வரும். இத்தனை வருடத்தில் எனக்கு அது தேவைப்பட்டதில்லை, பார்த்ததும் இல்லை. திரையில் இரண்டு வரி இருந்தது:

'பிழை வந்தால் எஞ்சினியரைக் கேளுங்கோ.
இதை முழுக்க வாசிச்ச ஆள் அவர்தான்.'

கீழே வழக்கம்போல் அவர் பெயர் இல்லை.

அவர்மேல் எனக்கு இருந்த பொறாமை இன்னும் இருக்கிறது. அவ்வளவு பிரியமும் இருக்கிறது. அதைத்தான் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன். இந்தக் கட்டுரைக்கான கோப்பையும் சுழி தட்டித்தான் திறந்தேன். மேலே என் 'உ' வந்தது. அது தனியாக இருக்க வேண்டாமே என்று பக்கத்தில் ஒரு சிலுவையையும் என் கையாலேயே போட்டேன்.